இந்தக் காற்றை யார் நிறுத்தி வைத்தது?

2021 ஏப்ரல் 20. செவ்வாய்க் கோளின் ஜெஸெரோ பள்ளத்தில் நின்றிருந்த பெர்சிவியரன்ஸ் ஊர்தியின் வயிற்றுக்குள் ஒரு சிறு பெட்டி சூடாகத் தொடங்கியது. கார் பேட்டரி அளவுதான் இருக்கும். சூடு வெளியே கசியாமல் இருக்கத் தங்க முலாம் பூசியிருந்தார்கள். மாக்ஸி என்று பெயர். செவ்வாயின் காற்றை உள்ளே இழுத்து, தூசியை வடிகட்டி, அழுத்தி, 800 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சி, அதிலிருந்த கரியமில வாயுவை மின்சாரத்தால் உடைத்து ஆக்சிஜனைத் தனியே பிரித்தது. முதல் ஓட்டத்தில் கிடைத்தது 5.4 கிராம். வேறொரு கோளின் காற்றிலிருந்து மனிதன் சுவாசிக்கத்தக்க ஒன்றை எடுத்தது அதுவே முதல் முறை. அந்த 5.4 கிராமை வைத்துக்கொண்டு ஒரு விண்வெளி வீரர் பத்து நிமிடம் மூச்சு விடலாம்.

விட்டுவிட்டு ஓடிய அந்தப் பெட்டி, 2023 ஆகஸ்டில் 16-வது ஓட்டத்தோடு தன் வேலையை முடித்துக்கொண்டது. மொத்த விளைச்சல் 122 கிராம். ஒரு சின்ன நாய்க்குப் பத்து மணி நேரத்துக்குக் காணும் என்று நாசா கணக்குச் சொன்னது. மனிதனுக்கு நாளொன்றுக்குச் சுமார் 840 கிராம் வேண்டும். அப்படியானால் நமக்கு மூன்றரை மணி நேரம். கேலிக்காகச் சொல்லவில்லை, அந்தப் பெட்டியைச் செய்தவர்கள் கும்பிடத்தக்கவர்கள். ஆனால் இரண்டு ஆண்டுக்கு மேல் பாடுபட்டு அவர்கள் எடுத்த மூச்சை நாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தில் செலவழித்துவிடுகிறோம். எழுந்ததும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை, காபி எங்கே என்று கேட்கிறோம்.

செவ்வாயை மனிதர் குடியேறத்தக்க கோளாக மாற்றிவிடலாம் என்ற பேச்சு நேற்றுத் தொடங்கியதல்ல. வானியலாளர் கார்ல் சேகன் 1973-லேயே அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார். 1991-ல் கிறிஸ் மெக்கே, ஓவன் டூன், ஜேம்ஸ் காஸ்டிங் மூவரும் ‘நேச்சர்’ இதழில் அதை இன்னும் விரிவாகக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். இப்போது ராக்கெட் செய்யும் கோடீஸ்வரர்கள் நாள் குறிக்கும் அளவுக்கு வந்துவிட்டார்கள். அந்தக் கனவோடு எனக்குச் சண்டை இல்லை. சொல்லப்போனால், செவ்வாயில் குடியேறுவது எப்படி என்று ஆராயும் கட்டுரைகளைப் பக்தி நூல் படிப்பதைப்போலத்தான் நான் படிக்கிறேன். எழுதியவர்கள் கடவுளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும் ஒவ்வொரு பக்கத்திலும், இங்கே நம்மைச் சுற்றி ஓயாமல் நடந்துகொண்டிருக்கும் ஒரு வேலையின் அளவு தெரிந்துவிடுகிறது.

காற்றின் எடையையே எடுத்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடியில் ஒரு சதுர மீட்டர் இடத்தைக் கோடு போட்டுக் குறித்தால், அதன்மேல் வான உச்சி வரை நிற்கிற காற்றின் எடை 10 டன்னுக்குக் கொஞ்சம் அதிகம். அந்த எடைதான் கடலைக் கடலாகவும் குளத்தைக் குளமாகவும் அமுக்கி வைத்திருக்கிறது. செவ்வாயில் அதே இடத்தின்மேல் இருப்பது ஏறத்தாழ 165 கிலோ. நூற்றுக்கு 95 பங்கு கரியமில வாயு. அழுத்தம் 6 மில்லிபார் அளவு, நம்முடையது 1,013. அழுத்தம் 63 மில்லிபாருக்குக் கீழே இறங்கினால் நம் உடம்புச் சூட்டிலேயே நீர் கொதித்துவிடும். கண்ணில் இருக்கும் ஈரம், வாயில் ஊறும் எச்சில், நுரையீரலின் உட்புற நனைவு எதுவும் மிஞ்சாது. செவ்வாய் அந்த எல்லையிலும் பத்தில் ஒரு பங்கில் கிடக்கிறது.

சரி, காற்றைக் கொண்டுபோய் நிரப்பிவிடலாம் என்றால் அங்கே ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. செவ்வாயின் ஈர்ப்பு நம்முடையதில் நூற்றுக்கு 38 பங்குதான். இழுத்துப் பிடிக்கும் கை தளர்ந்திருப்பதால், நம் ஊர் அழுத்தத்தைக் கொண்டுவர ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 27 டன் காற்று வேண்டும். சின்னக் கோளுக்குப் பெரிய போர்வை! கோள் முழுவதற்கும் கூட்டிப் பார்த்தால் 39-க்குப் பின்னால் 14 சுழியம் போட்டு அத்தனை டன். மாக்ஸி தந்தது 122 கிராம்.

அந்தக் காற்றின் மெலிவு என்ன செய்யும் என்பதை 2008 ஜூனில் கண்ணால் பார்க்க முடிந்தது. செவ்வாயின் வட துருவத்துக்கு அருகே இறங்கிய ஃபீனிக்ஸ் விண்கலம் தன் இயந்திரக் கையால் மண்ணைக் கீறி ஒரு சிறு அகழி தோண்டியது. அடியில் வெள்ளையாக ஏதோ தென்பட்டது. உப்பா, பனிக்கட்டியா என்று தெரியவில்லை. பகடைக் காய் அளவில் சில வெள்ளைத் துண்டுகள் அகழியின் ஓரத்தில் உதிர்ந்து கிடந்தன. நான்கு நாள் கழித்து எடுத்த படத்தில் அவற்றைக் காணவில்லை. தட்டில் வைத்த கற்பூரம்போல, உருகி நீராகாமலே ஆவியாகிப் போயிருந்தன. உப்பு அப்படிப் போகாது. ஆகவே அது பனிக்கட்டிதான் என்று விஞ்ஞானிகள் கொண்டாடினார்கள். எனக்கு அந்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போதெல்லாம் வேறொன்று தோன்றும். நீர் இருந்தும் ஒரு சொட்டாகக்கூட நிற்க முடியாத இடம் அது. தென் துருவப் பனியை மட்டும் உருக்கினாலே கோள் முழுவதையும் 11 மீட்டர் ஆழத்துக்கு மூடலாம் என்று ரேடார் அளவீடுகள் சொல்கின்றன. தண்ணீர் கிடக்கிறது, அதைத் தண்ணீராக வைத்திருக்கும் காற்று இல்லை.

அதே ஃபீனிக்ஸ் இன்னொரு செய்தியும் அனுப்பியது. அந்த மண்ணில் பெர்குளோரேட் இருக்கிறது. ராக்கெட் எரிபொருளிலும் பட்டாசிலும் சேர்க்கிற உப்பு வகை. உடம்புக்குள் போனால் தைராய்டின் வேலையைக் கெடுக்கும். கழுவி எடுக்காமல் அந்த மண்ணில் கீரை போட்டுச் சாப்பிட முடியாது.

ஆனால் செவ்வாய் எப்போதும் இப்படி இருந்ததில்லை என்பதுதான் மனத்தைப் பிசைகிற விஷயம். 2012-ல் கேல் பள்ளத்தில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தி, சில வாரங்களிலேயே ஒரு பாறைத் திட்டைப் படம் பிடித்து அனுப்பியது. சிமென்ட் கலவையில் ஜல்லி பதிந்ததுபோல அதில் கூழாங்கற்கள். முனை மழுங்கி, உருண்டையாக, வழவழப்பாக இருந்தன. காற்று அடித்து அந்த அளவுக் கல் உருளாது. நீர் உருட்டினால்தான் அந்த வடிவம் வரும். கணுக்கால் முதல் இடுப்பு வரை ஆழமுள்ள ஓர் ஓடை, மனிதன் நடக்கும் வேகத்தில் அங்கே பாய்ந்திருக்க வேண்டும் என்று கணித்தார்கள். ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்த யாரும் அந்தப் படத்தைப் பார்த்ததும் கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளத் துடிப்பார்கள். அங்கே ஆறு ஓடியிருக்கிறது. ஆறு ஓட வேண்டுமானால் அதன்மேல் கனத்த காற்று நின்றிருக்க வேண்டும்.

அந்தக் காற்று எங்கே போனது? 2014 செப்டம்பரில் மூன்று நாள் இடைவெளிக்குள் இரண்டு விண்கலங்கள் செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தன. ஒன்று நாசாவின் மேவன். மற்றொன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட நம் மங்கள்யான். செவ்வாயின் காற்று விண்வெளியில் கரையும் மேல் விளிம்பை ஆராயும் கருவிகள் இரண்டிலுமே இருந்தன. சூரியனிலிருந்து வீசும் மின்துகள் காற்று, செவ்வாயின் வளிமண்டலத்தை நொடிக்குச் சுமார் 100 கிராம் வீதம் அரித்துக்கொண்டு போவதாக 2015-ல் மேவன் குழுவினர் அறிவித்தார்கள். இளம் சூரியன் இன்னும் மூர்க்கமாக இருந்த காலத்தில் அரிப்பு பல மடங்கு வேகம். அங்கே இருந்த ஆர்கான் வாயுவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று 2017-ல் கணக்குக் காட்டினார்கள். ஆர்கான் எதனோடும் சேராத வாயு, பாறைக்குள் ஒளிந்துகொள்ளாது. காணவில்லை என்றால் விண்வெளிக்குப் போனது என்றுதான் பொருள்.

பூமிக்கு இந்தச் சேதம் பெரிதாக நேராததற்குக் காந்தப்புலம்தான் காரணம் என்று பலரும் சொல்வார்கள். பாதி உண்மை. செவ்வாய் தன் காந்தக் கவசத்தை ஏறக்குறைய 400 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இழந்துவிட்டது. ஆனால் அந்தக் கவசம் இல்லாததே முதல் தடை என்று நினைத்து அதற்குச் செயற்கைக் காந்தம் கட்டும் யோசனைகளைப் படிக்கும்போது கணக்கு சரியாகப் படவில்லை. இன்றைய கசிவு வேகத்தில், ஒருமுறை நிரப்பிய காற்று தீர்ந்துபோக மனித வரலாறு காணாத நீண்ட காலம் பிடிக்கும். கசிவை அடைப்பது இரண்டாம் கவலை. நிரப்ப ஏதாவது கிடைக்குமா என்பதே முதல் கவலை.

கிடைக்காது என்பதுதான் இதுவரை வந்த விடை. துருவத்தில் உறைந்த கரியமில வாயுவை ஆவியாக்கினால் காற்று கனக்கும், கனத்த காற்று வெப்பத்தைப் பிடிக்கும், வெப்பம் இன்னும் பனியை ஆவியாக்கும் என்பது பழைய திட்டத்தின் அடிப்படை. 2018-ல் ஆய்வாளர்கள் புரூஸ் ஜகாஸ்கியும் கிறிஸ்டஃபர் எட்வர்ட்ஸும் உட்கார்ந்து இருப்பு எடுத்தார்கள். துருவப் பனி, மண்ணில் ஒட்டியிருப்பது, பாறையில் கட்டுண்டது என்று கைக்கு எட்டக்கூடியதையெல்லாம் கூட்டியும் சுமார் 20 மில்லிபாரைத் தாண்டவில்லை. சூடு 10 டிகிரிகூட ஏறாது. மிச்சத்தை வால்நட்சத்திரங்களை இழுத்து வந்து மோதவிட்டுச் சம்பாதிக்கலாம் என்பாரும் உண்டு. அதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

பின்னால் வந்த யோசனைகள் அடக்கமானவை. அதனாலேயே எனக்குப் பிடித்தவை. 2019-ல் ராபின் வேர்ட்ஸ்வொர்த் குழுவினர், சிலிக்கா ஏரோஜெல் என்ற பளிங்குப் பஞ்சை 2 முதல் 3 சென்டிமீட்டர் தடிமனில் பரப்பினாலே அதன் அடியில் பனி உருகும் சூடு நிற்கும், புற ஊதாக் கதிரும் தடைபடும் என்று காட்டினார்கள். கோளையே மாற்ற வேண்டாம், ஒரு வயலை மாற்றினால் போதும் என்ற யோசனை. 2024-ல் இன்னொரு குழு, செவ்வாயின் மண்ணிலேயே உள்ள இரும்பையும் அலுமினியத்தையும் 9 மைக்ரோமீட்டர் நீளமுள்ள நுண்குச்சிகளாக்கி நொடிக்கு 30 லிட்டர் வீதம் ஊதிக்கொண்டே இருந்தால், கோளின் சூட்டை 30 டிகிரி உயர்த்தலாம் என்று கணக்கிட்டது. சூடு வரும். மூச்சு வராது. அதற்கு ஆக்சிஜனும், ஆக்சிஜனைத் தணித்து நிறுத்த நைட்ரஜனும் வேண்டும். செவ்வாயின் காற்றில் நைட்ரஜன் 3 சதவீதம்கூட இல்லை. செடிகொடிகளை வைத்து ஆக்சிஜன் நிரப்புவதென்றால் 1 லட்சம் ஆண்டுக்கு மேலாகும் என்பது 1991-ல் அந்த மூவர் போட்ட கணக்கு.

கதிரியக்கத்தை ஒரு வரியில் கடந்துவிடலாம்: நாம் பூமியில் இயற்கையாக ஓராண்டில் வாங்கும் கதிரியக்கத்தை அங்கே தரையில் நின்றால் நான்கு நாளில் வாங்கிவிடுவோம். வெள்ளிக் கோளைப் பற்றிப் பேசுவதே வீண். ஈயம் உருகும் 465 டிகிரி சூடு, நம்முடையதைப்போல 90 மடங்குக்கு மேல் அழுத்தம், கந்தக அமில மேகம். அங்கே பிரச்சினை காற்று இல்லை என்பதல்ல, காற்று மிதமிஞ்சிப் போனது.

இத்தனைக்கும் பிறகு ஒருவர் கேட்கலாம். காற்றும் நீரும் மண்ணும் விதையும் நல்ல வெயிலும் தயாராகக் கையில் கொடுத்துவிட்டால் மனிதனால் ஒரு குட்டி உலகத்தை நடத்திக்காட்ட முடியுமா? முடியுமா என்று பார்த்திருக்கிறார்கள். அதன் கதையைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஆரக்கிள் என்ற சிற்றூருக்கு அருகே, பாலைவன மலைகளுக்கு நடுவில் ஒரு கண்ணாடி மாளிகை நிற்கிறது. பெயர் பயோஸ்பியர் 2. முதல் உயிர்க்கோளம் பூமி, இது இரண்டாவது. பரப்பு 3.14 ஏக்கர். உள்ளே ஒரு மழைக்காடு, பவளப்பாறையோடு ஒரு குட்டிக் கடல், அலையாத்திக் காடு, புல்வெளி, மூடுபனிப் பாலை, ஒரு பண்ணை. பகலில் உள்காற்று சூடாகி விரியும்போது கண்ணாடி வெடித்துவிடாமல் இருக்க, ஏறி இறங்கும் ரப்பர் சவ்வோடு இரண்டு பெரிய கூடங்கள். அவற்றை நுரையீரல் என்றே அழைத்தார்கள். 1991 செப்டம்பர் 26 அன்று நான்கு ஆண்களும் நான்கு பெண்களும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இரண்டு ஆண்டு வெளியே வரக்கூடாது. காற்று, நீர், சோறு எல்லாம் உள்ளேயே சுழல வேண்டும்.

உழைப்பில் அவர்கள் குறை வைக்கவில்லை. நெல் நட்டார்கள். நெல் வயலில் அசோலா விட்டு, திலேப்பியா மீன் வளர்த்தார்கள். ஆடு கறந்தார்கள். வாழையும் பப்பாளியும் நிலக்கடலையும் விளைந்தன. சர்க்கரைவள்ளிக் கிழங்கு மட்டும் அமோகமாக வந்ததால் அதையே தின்று தின்று தோல் ஆரஞ்சு நிறமாக மாறியது. எட்டுப் பேரும் இளைத்தார்கள். பூச்சிகள் விஷயத்தில் கணக்கு தலைகீழானது. மகரந்தம் சேர்க்கும் பூச்சிகள் மடிந்துபோயின. கரப்பான் பூச்சிகள் பெருகின. திக்குத் தெரியாமல் ஓடும் நீள்கால் கறுப்பு எறும்பு ஒன்று, யாரும் அழைக்காமலே நுழைந்து, கண்ணாடிக் கோட்டை முழுவதையும் பிடித்துக்கொண்டது. உள்ளே விட்ட 25 வகை முதுகெலும்பு உயிரினங்களில் 19 அற்றுப்போயின.

இவையெல்லாம் சகிக்கத்தக்கவை. சகிக்க முடியாதது மெதுவாக வந்தது. காற்றில் ஆக்சிஜன் குறையத் தொடங்கியது. உள்ளே போகும்போது நம் எல்லோருக்கும் கிடைக்கிற 20.9 சதவீதம். மாதாமாதம் சரிந்து, 16 மாதத்தில் 14.5 வரை வந்துவிட்டது. கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயர மலையில் குடியிருப்பதற்குச் சமம். மாடிப்படி ஏறுவது பெரும்பாடு. ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் மூச்சு வாங்க வேண்டியிருந்தது. தூக்கத்தில் திணறி விழித்தார்கள். 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்தினார்கள். சோதனை தோற்றுவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. என் கணிப்பில் அது தோல்வியே இல்லை. பூமி என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை அந்த எட்டுப் பேர் தங்கள் நுரையீரலைக் கொண்டு அளந்து சொன்னார்கள்.

ஆக்சிஜனைத் தின்றது யார்? முதல் குற்றவாளி பண்ணை மண். நல்ல விளைச்சல் வேண்டும் என்று மட்கு நிறையச் சேர்த்த வளமான மண்ணைப் போட்டிருந்தார்கள். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் அந்த விருந்தை உண்டு, நம்மைப் போலவே ஆக்சிஜனை இழுத்துக் கரியமில வாயுவை வெளிவிட்டன. ஆனால் கணக்கு அங்கே முடியவில்லை. அத்தனை ஆக்சிஜன் போனால் அதற்கு ஈடாகக் கரியமில வாயு காற்றில் ஏறியிருக்க வேண்டும். ஏறியது, ஆனால் இருக்க வேண்டிய அளவு இல்லை. அது இருந்திருந்தால் செடிகளாவது அதை உண்டு ஆக்சிஜனைத் திருப்பித் தந்திருக்கும். நடுவில் யாரோ திருடியிருக்கிறார்கள்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப் செவரிங்ஹாஸ் என்ற ஆய்வு மாணவரும் அவருடைய ஆசிரியர் வாலஸ் புரோக்கரும் அந்தத் திருடனைப் பிடித்தார்கள். மாளிகையின் உட்சுவர்கள்! மேல்பூச்சு இல்லாத கான்கிரீட்டில் இருந்த கால்சியம் ஹைட்ராக்சைடு, காற்றிலிருந்த கரியமில வாயுவைச் சத்தமில்லாமல் உறிஞ்சிச் சுண்ணாம்புக்கல்லாக மாறிக்கொண்டிருந்தது. கான்கிரீட்டைத் துளைத்து எடுத்த மாதிரிகளில், உட்புறச் சுவரில் இருந்த கார்பனேட் வெளிப்புறத்தில் இருந்ததைவிடப் பல மடங்கு. மரங்களையும் பவளத்தையும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள், அவற்றுக்கு நடுவில் நின்ற சுவரும் மூச்சு விடும் என்று நினைக்கவில்லை.

ஜோயல் கோஹனும் டேவிட் டில்மனும் 1996-ல் ‘சயன்ஸ்’ இதழில் இந்தச் சோதனையை எடைபோட்டு, இயற்கை இலவசமாகச் செய்து தருவதை மனிதருக்குச் செய்து தரும் அமைப்பை உருவாக்க யாருக்கும் இன்னும் தெரியாது என்ற முடிவுக்கு வந்தார்கள். கோடிக்கணக்கான டாலர் கொட்டி, பூமியின் வெயிலும் பூமியின் ஈர்ப்பும் பூமியின் காந்தக் கவசமும் இருந்த இடத்திலேயே இதுதான் நிலை.

எனக்கு இதில் மெய்சிலிர்ப்பது அந்தச் சுவர்தான். ஏனென்றால் அந்தச் சுவர் செய்த அதே வேலையைத்தான் பூமி காலங்காலமாகச் செய்து வருகிறது, ஆனால் அளவோடு. மழை நீர் காற்றிலிருந்து கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு பாறைமேல் விழுகிறது. பாறையை மெல்ல அரித்துக் கால்சியத்தைக் கடலுக்குக் கொண்டுபோகிறது. கடலில் சிப்பியும் பவளமும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரும் அதைக்கொண்டு ஓடு கட்டுகின்றன. அவை இறந்து படிந்து சுண்ணாம்புப் பாறையாகின்றன. இப்படிப் பாறைக்குள் பூட்டிய கரியமில வாயுவையெல்லாம் திறந்துவிட்டால் பூமியின் காற்றும் ஏறக்குறைய வெள்ளியின் காற்றைப்போலவே கனத்துவிடும். அரியலூர்ப் பக்கம் போனால் அந்தப் பூட்டுகளில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். டைனோசர் காலத்துக் கடல் அங்கே விட்டுச்சென்ற சிப்பியும் சுருள் ஓடும் சுண்ணாம்புக்கல்லில் பதிந்து கிடக்கின்றன; சிமென்ட் ஆலைச் சூளைகளில் அதே கல்லைச் சுடும்போது கோடிக்கணக்கான ஆண்டு அடைபட்டிருந்த வாயு புகைபோக்கி வழியே வெளியேறுகிறது.

பூட்டுவது மட்டும் நடந்திருந்தால் பூமி என்றோ உறைந்துபோயிருக்கும். கடல் தரை புவித்தட்டோடு பூமிக்குள் இறங்கி, வெந்து, எரிமலை வாய் வழியாக அந்த வாயு திரும்ப மேலே வருகிறது. பூமி சூடேறினால் மழை கூடும், அரிப்பு கூடும், வாயு குறையும், சூடு தணியும். குளிர்ந்தால் மழை குறையும், எரிமலை விடுவது சேரும், சூடு ஏறும். 1981-ல் ஜேம்ஸ் வாக்கர், ஹேஸ், காஸ்டிங் மூவரும் இந்தத் தாளத்தை விளக்கி எழுதினார்கள். இளம் சூரியன் இன்றையதைவிட 30 சதவீதம் மங்கலாக இருந்த காலத்திலும் இங்கே கடல் உறையாமல் அலையடித்ததற்கு இது ஒரு பெரிய காரணம். ஒரு சுற்று முடிய லட்சக்கணக்கான ஆண்டு ஆகும். நம் கார்ப் புகையை நாளைக்கே துடைத்துத் தரும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். செவ்வாயும் இந்தத் தாளத்தில்தான் தொடங்கியிருக்கும். சின்னக் கோள், உள்ளே சூடு ஆறிவிட்டது. பாறை வாங்கியதைத் திருப்பித் தர அங்கே ஆள் இல்லாமல் போயிற்று.

படைப்பு என்றால் என்றோ ஒரு நாளில் முடிந்த காரியம் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். இதைப் படித்த பிறகு, இந்த நொடியிலும் எங்கோ ஒரு மழைத்துளி பாறையைத் தொடுவதாலும் எங்கோ ஓர் எரிமலை மூச்சு விடுவதாலும் நடந்துகொண்டே இருக்கிற காரியமாகத்தான் அது தெரிகிறது.

ஆக்சிஜனின் கதை இதைவிட வியப்பு. 300 கோடி ஆண்டு பின்னே போய் இந்தப் பூமியில் இறங்கினால் நாம் சில நிமிடங்களில் மூச்சுத் திணறிச் செத்திருப்போம். அன்று பூமியே நமக்குப் பகைக் கோள். அதை மாற்றியது கடலோரச் சேற்றில் படலமாகப் படர்ந்திருந்த நீலப்பச்சைப் பாக்டீரியா. வெயிலை உண்டு, நீரை உடைத்து, வேண்டாத கழிவாக ஆக்சிஜனை வெளியேற்றியது. அந்தக் கழிவும் உடனே காற்றுக்கு வந்துவிடவில்லை. கடலில் கரைந்திருந்த இரும்பு அதைப் பிடித்துத் துருவாகி அடியில் படிந்துகொண்டே இருந்தது. இன்று உலகம் உருக்கும் இரும்பில் பெரும்பகுதி அப்படிப் படிந்த வரிப்பாறைகளிலிருந்து தோண்டியது. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் ஆக்சிஜன் காற்றில் தங்கத் தொடங்கியது. அதுவரை வாழ்ந்த உயிர்களில் பலவற்றுக்கு அது விஷம். அவை சேற்றுக்குள்ளும் பிற்காலத்தில் விலங்குகளின் குடலுக்குள்ளும் ஒதுங்கி இன்றும் பிழைத்திருக்கின்றன.

மேற்கு ஆஸ்திரேலியாவில் ஷார்க் விரிகுடாவின் ஹேமலின் குளத்தில் அந்தக் காலத்துக் காட்சி இன்றும் மிஞ்சியிருக்கிறது. முழங்கால் ஆழ உப்பு நீரில் கறுத்த திண்டுகள் வரிசை வரிசையாக நிற்கும். பார்த்தால் வெறும் கல். மேற்பரப்பில் வழுவழுப்பாக ஒட்டியிருக்கும் பாசிப்படலம்தான் உயிர். அதில் படியும் மணலும் சுண்ணாம்பும் அடுக்கடுக்காகச் சேர்ந்து திண்டு மெல்ல மெல்ல வளர்கிறது. வெயில் ஏறும்போது அந்தப் படலத்தின்மேல் குண்டூசித் தலை அளவில் குமிழ்கள் துளிர்த்து மேலே போகும். ஆக்சிஜன்! 800 டிகிரி வேண்டாம், தங்க முலாம் வேண்டாம். அதே குலத்தின் இன்னொரு பிள்ளையான புரோகுளோரோகாக்கஸ், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் சிறியது. வெப்பக் கடலின் ஒரு மில்லிலிட்டர் நீரில் ஒரு லட்சம் வரை மிதக்கும். 1980-கள் வரை அப்படி ஒன்று இருப்பதே நமக்குத் தெரியாது.

காற்றில் சேர்ந்த ஆக்சிஜன் மேலே போய் வெயில் பட்டு ஓசோனாகி, புற ஊதாக் கதிரைத் தடுத்தது. அந்தக் கவசம் எவ்வளவு கனம் என்று நினைக்கிறீர்கள்? முழுவதையும் தரைக்கு இறக்கி நம் அழுத்தத்தில் பரப்பினால் 3 மில்லிமீட்டர். அந்த 3 மில்லிமீட்டருக்கு அடியில்தான் நெல்லும் தேனீயும் நாமும். செவ்வாயில் இதை ஏற்பாடு செய்ய ஒரு திட்டமும் இல்லை. ஆக்சிஜன் வந்தால் தானாக வரும் என்று விட்டுவைத்திருக்கிறார்கள். அது சரியும்தான்.

அங்கே ஏற்கெனவே ஏதேனும் நுண்ணுயிர் பாறைக்கு அடியில் பிழைத்திருந்தால்? 1967-ம் ஆண்டு விண்வெளி உடன்படிக்கை, பிற கோள்களைக் கேடு விளையும்படி மாசுபடுத்தக்கூடாது என்று நாடுகளைக் கட்டுப்படுத்துகிறது. இந்த ஒரு விஷயத்தில் மனிதன் முன்கூட்டியே வெட்கப்பட்டிருக்கிறான் என்பது ஆறுதல்.

பயோஸ்பியர் 2 இப்போது அரிசோனா பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கிறது. எட்டுப் பேர் நெல் நட்ட பண்ணைக் கூடத்தில் இன்று வயல் இல்லை. 30 மீட்டர் நீளமுள்ள மூன்று செயற்கை மலைச்சரிவுகளை இரும்புத் தாங்கிகளின்மேல் கட்டி, ஒரு மீட்டர் ஆழத்துக்கு நொறுக்கிய கருங்கல் பொடியை நிரப்பியிருக்கிறார்கள். எரிமலைக் குழம்பு ஆறிய பசால்ட் பாறை அது. செவ்வாயின் தரையில் பெரும்பகுதியும் அதே வகைதான். மேலிருந்து மழை பெய்விக்கிறார்கள். நூற்றுக்கணக்கான உணரிகளை உள்ளே புதைத்து, நீர் எந்த வழியில் இறங்குகிறது, பொடியில் கரி எப்போது சேர்கிறது, எந்த மூலையில் பாசி முதலில் ஒட்டுகிறது என்று ஆண்டுக்கணக்கில் குறித்துக்கொண்டே இருக்கிறார்கள். உயிரற்ற பாறைப் பொடி மண்ணாவது எப்படி என்பதுதான் கேள்வி. செவ்வாய்க்குச் சீட்டு எடுக்க நினைப்பவர்கள், அந்த மூன்று சரிவுகளில் எது முதலில் மண்ணாகிறது என்று பார்த்துவிட்டு எடுக்கலாம்.